மழை கொட்டும்போது ஆறு வற்றினால்: மண்சரிவு அடைத்த ஏரியைக் கண்காணிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஐப்பசி அடைமழை. ராத்திரி முழுக்கத் தகரக் கூரையில் சத்தம் ஓயவில்லை. விடிந்ததும் குடையோடு பாலத்துக்கு வந்து எட்டிப் பார்க்கிறீர்கள். நேற்று மாலை துவைகல்லை மூடிக்கொண்டு ஓடிய வராக நதி, இன்று அந்தக் கல்லுக்குக் கீழே கிடக்கிறது. மேற்கே மலை இன்னும் கறுத்துத்தான் நிற்கிறது, அங்கே மழை விட்டதாகத் தெரியவில்லை. பக்கத்தில் நிற்பவர் "அப்பாடா, வெள்ளம் வடிஞ்சிருச்சு" என்கிறார்.

வடிந்திருக்கலாம். ஆனால் மலையில் மழை விடாமலிருக்க, ஆற்றில் தண்ணீர் குறைந்தால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: பெய்த தண்ணீர் எங்கே நிற்கிறது? மேலே ஏதோ ஓர் ஓடையில் மலைச்சரிவு மண்ணும் பாறையும் மரமும் சேர்ந்து குறுக்கே விழுந்து, தண்ணீரைத் தேக்கியிருக்கலாம். அப்படித் தேங்கியது ஒருநாள் மொத்தமாக இறங்கும்.

வராக நதி ஓடும் எங்கள் வடுகபட்டி போல மலையடிவாரத்து ஆற்றங்கரையில் இருப்பவர்கள், பொறியியல் படிக்காதவர்கள், இந்த ஆபத்தை எப்படிக் கவனிப்பது என்று முதலிலிருந்து சொல்கிறேன்.

மண் அடைத்த ஏரி என்றால் என்ன

நம் ஊரில் கண்மாய்க் கரை தெரியாதவர் இல்லை. களிமண்ணைப் பரப்பி, மிதித்து இறுக்கி, மறுகால் போக ஒரு பக்கம் கல் கட்டிக் கலிங்கு வைப்பார்கள். அந்தக் கலிங்கு இல்லாத கண்மாயை நினைத்துப் பாருங்கள். மிதிக்காத மண், ஒழுங்கில்லாமல் கிடக்கும் பாறை, இடையிடையே அழுகப்போகும் மரங்கள், மறுகாலுக்கு வழியே இல்லாத ஒரு கரை. சரிவு ஓர் ஓடையை அடைத்தால் உண்டாவது இதுதான்.

தண்ணீர் ஏறி, கரையின் மிகத் தாழ்ந்த இடத்தில் வழியத் தொடங்கும். வழிகிற தண்ணீர் மண்ணை அறுக்கும். அறுத்த வாய் வழியே இன்னும் அதிகத் தண்ணீர் போகும், அது இன்னும் ஆழமாக அறுக்கும். இப்படியாகச் சில மணி நேரத்தில் ஏரியின் பெரும்பகுதி இறங்கிவிடும். உலகில் இப்படி உண்டான அடைப்புகள் உடைந்ததில் பெரும்பாலானவை மேலே வழிந்து உடைந்தவைதான். அடியில் கசிவு குடைந்து உடைவதும் உண்டு, அது குறைவு.

எத்தனை நாள் தாங்கும்? 1988-ல் ஜான் கோஸ்டா, ராபர்ட் ஷஸ்டர் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள், உடைந்த நாள் தெரிந்த 73 அடைப்புகளை வைத்துக் கணக்குப் பார்த்தார்கள். அவற்றில் 27 சதவீதம் ஒரு நாளுக்குள்ளேயே உடைந்துவிட்டன. ஒரு வாரத்துக்குள் 41 சதவீதம். ஓராண்டுக்குள் 85 சதவீதம். ஆகவே கண்காணிப்பவர் இரண்டுக்கும் தயாராக இருக்க வேண்டும்: இன்று ராத்திரியே உடையலாம், அடுத்த மழைக்காலம் வரைக்கும் நிற்கவும் செய்யலாம்.

நம் மலைக்கும் இது புதிதில்லை. 1864-ல் பழனி மலைகளைப் பற்றி அறிக்கை எழுதிய டக்ளஸ் ஹாமில்டன் என்ற ராணுவ அதிகாரி, இன்றைக்குப் பேரிஜம் ஏரி இருக்கும் பகுதியில் ஒரு பழைய பெரிய ஏரியின் தடத்தைப் பார்த்தார். மலையின் ஒரு பக்கம் சரிந்து விழுந்து ஓடையை அடைத்து அந்த ஏரி உண்டாகியிருக்கிறது, பிறகு தண்ணீர் அந்தக் கரையை அறுத்துக்கொண்டு வடிந்திருக்கிறது என்பது அவர் கருத்து. சதுப்பாகக் கிடந்த அந்த இடத்தில் பின்னால் கட்டியதுதான் இப்போது சுற்றுலாப் பயணிகள் அனுமதிச் சீட்டு வாங்கிப் போய்ப் பார்க்கும் பேரிஜம். மலை ஒருமுறை செய்ததை மறுபடி செய்யாது என்று நம்புவதற்கு எனக்குக் காரணம் எதுவும் தெரியவில்லை.

கோனா: 130 ஆண்டுக்கு முந்தைய பாடம்

கண்காணிப்பு என்றால் என்ன என்று யார் கேட்டாலும் நான் சொல்லும் கதை இது.

1893 செப்டம்பரில் கர்வால் இமயமலையில், அலக்நந்தாவில் சேரும் பிரஹி கங்கை என்ற சிற்றாற்றின் குறுக்கே கோனா என்ற ஊர் அருகே மலையே சரிந்து விழுந்தது. அடைப்பின் உயரம் ஏறக்குறைய 900 அடி. நம் வைகை அணையின் கொள்ளளவு உயரமான 71 அடியோடு ஒப்பிட்டால் அதன் பிரம்மாண்டம் புரியும். இடித்து வடிக்க வழியில்லை. பொதுப்பணிப் பொறியாளர் புல்ஃபோர்டு இடத்தைப் பார்த்துக் கணக்குப் போட்டார்: அடுத்த ஆகஸ்டில் ஏரி நிரம்பி வழியும். ஏறக்குறைய ஓராண்டு கையில் இருக்கிறது.

அந்த ஓராண்டில் பொறியாளர்கள் நான்கு வேலை செய்தார்கள். அடைப்பின் அருகே குரூக்‌ஷாங்க் என்ற இளம் பொறியாளரை நிறுத்தி நீர்மட்டத்தைக் குறிக்க வைத்தார்கள். கோனாவிலிருந்து கீழேயுள்ள ஊர்கள் வழியாக ஹரித்துவார் வரை தந்திக் கம்பி இழுத்தார்கள். பள்ளத்தாக்கு நெடுகிலும் மலைச்சரிவில் கல் தூண்கள் நட்டு, 'இதற்கு மேலே போனால் பிழைத்தீர்கள்' என்று கோடு காட்டினார்கள். அடித்துக்கொண்டு போகப்போகும் தொங்கு பாலங்களை முன்கூட்டியே கழற்றி எடுத்தார்கள்.

1894 ஆகஸ்ட் 25 காலையில் ஏரி வழியத் தொடங்கியது. அன்று நள்ளிரவை ஒட்டிக் கரை உடைந்தது. கர்வாலின் ஸ்ரீநகர் நகரம் அழிந்தது. செத்தவர்கள் ஐந்தே பேர். அப்புறப்படுத்திய பிறகும் அடைப்புக்கு அடியிலிருந்த தங்கள் இடத்துக்குத் திரும்பிப் போன ஒரு பக்கிரியும் அவர் குடும்பமும்.

செயற்கைக்கோள் இல்லாத காலம், செல்போன் இல்லாத காலம். அளக்க ஓர் ஆள், சொல்ல ஒரு கம்பி, ஓட ஒரு கோடு. இந்த மூன்றும் இருந்தன, மக்கள் பிழைத்தார்கள். கீழே நான் சொல்லப்போகும் ஒவ்வொரு படியும் இந்த மூன்றில் ஒன்றுக்குள் அடங்கும்.

படி 1: உங்கள் ஆற்றை மேலிருந்து கீழாகப் படியுங்கள்

ஒரு பெரிய தாளை எடுத்துக்கொள்ளுங்கள். கணினியில் இஸ்ரோவின் புவன் வரைபடத்தையோ கூகுள் எர்த்தையோ திறந்து, உங்கள் ஊர்ப் பாலத்திலிருந்து ஆற்றைப் பிடித்து மேலே போங்கள். ஒவ்வொரு கிளை ஓடையும் எங்கே சேர்கிறது, அது எந்தப் பள்ளத்தாக்கிலிருந்து வருகிறது என்று வரைந்துகொள்ளுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை.

வடுகபட்டிக்கு மேலே பெரியகுளம். அதற்கும் மேலே, சுமார் 9 கிலோமீட்டரில், சோத்துப்பாறை அணை. நீர்மட்ட உயரம் 126.28 அடி, கொள்ளளவு 100 மில்லியன் கன அடி. அணைக்கு மேலே அகமலை, கண்ணக்கரைப் பக்கம். அந்த மலைச்சாலையில் மழைக்காலத்தில் மண் சரிவது வழக்கம். இன்னொரு பக்கம் கும்பக்கரை அருவி, வெள்ளகவிச் சரிவு, கல்லாறு. பெரியூர், சின்னூர் மக்கள் ஊருக்கு இறங்க அந்தக் கல்லாற்றைக் கடந்துதான் வர வேண்டும்.

இந்த வரைபடம் ஒரு முக்கியமான விஷயத்தைச் சொல்லும். சோத்துப்பாறைக்கு மேலே ஒரு சிறிய அடைப்பு உடைந்தால், அணையில் இடம் இருக்கும்வரை அணை அதை விழுங்கிவிடும். அணை நிரம்பி மறுகால் போய்க்கொண்டிருந்தால் விழுங்க இடமில்லை, வருவது அப்படியே தாண்டிக் கீழே வரும். ஆகவே 'அணை இருக்கிறது, பயமில்லை' என்பது அணை எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று தெரிந்த பிறகு சொல்ல வேண்டிய வார்த்தை. அணை குறுக்கே இல்லாத ஓடைகளுக்கு இந்தப் பாதுகாப்பும் கிடையாது. உங்கள் தாளில் அணைக்கு மேலே சேரும் ஓடைகளை நீலத்திலும், அணை குறுக்கே இல்லாத ஓடைகளைச் சிவப்பிலும் வரையுங்கள். கூடுதல் கவனம் சிவப்புக்கு.

வரைந்ததும் தூரம் எழுதுங்கள். சோத்துப்பாறையிலிருந்து வடுகபட்டிக்கு 13, 14 கிலோமீட்டர். வெள்ளம் மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் இறங்குகிறது என்று வைத்துக்கொண்டால் ஒன்றேகால் மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். இது வெறும் கணக்கு. அடுத்த முறை அணையில் தண்ணீர் திறக்கும்போது, அங்கே எத்தனை மணி, பெரியகுளம் பாலத்தில் எத்தனை மணி, உங்கள் பாலத்தில் எத்தனை மணி என்று குறித்துவையுங்கள். அப்படிக் கிடைக்கும் எண் உங்கள் ஆற்றின் சொந்த எண். உடைப்பு வெள்ளம் இதைவிட வேகமாக வரும் என்பதால், கிடைத்த நேரத்தில் பாதியை மட்டுமே உங்களுக்கு உள்ள நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

படி 2: பாலத் தூணில் ஓர் அளவுகோல்

இதற்கு வேண்டியது வெள்ளை எனாமல் பெயிண்ட் ஒரு லிட்டர், கறுப்பு அரை லிட்டர், இஞ்ச் டேப், ரசமட்டக் குழாய். கோடையில் ஆறு காய்ந்து கிடக்கும்போது செய்ய வேண்டும். பாலம் அரசுச் சொத்து, ஆகவே பேரூராட்சியிலும் நீர்வளத்துறையிலும் முதலில் ஒரு கடிதம் கொடுத்து அனுமதி வாங்குங்கள்.

ஆற்றின் அடித்தளத்தைத் தொடும் தூணில், தண்ணீர் போகும் பக்கத்தைப் பார்த்த முகத்தைத் தேர்ந்தெடுங்கள். தண்ணீர் வரும் பக்கத்து முகத்தில் தண்ணீர் மோதி அலை ஏறும், அளவு பொய் சொல்லும். பாசியைக் கம்பி பிரஷ்ஷால் சுரண்டி, ஒரு நாள் காயவிட்டு, ஓர் அடி அகலத்துக்கு வெள்ளைப் பட்டை அடியுங்கள். அது காய்ந்ததும் அடிக்கு ஒரு நீளக் கோடு, அரை அடிக்கு ஒரு குட்டைக் கோடு. எண்களை ஒரு சாண் உயரத்துக்குப் பெரிதாக எழுதுங்கள். ராத்திரி டார்ச் வெளிச்சத்தில் கரையிலிருந்து படிக்கத் தெரிய வேண்டும், அதுதான் அளவுகோல். பெயிண்ட் அடித்த பையனையே இருட்டிய பிறகு கரையில் நிறுத்திப் படிக்கச் சொல்லுங்கள். அவன் 3-ஐ 8 என்று படித்தால் மறுபடி அடியுங்கள்.

மழை நாளில் மணிக்கு ஒருமுறை, அடைமழையில் கால் மணிக்கு ஒருமுறை, ஒரு நோட்டில் நேரமும் அளவும் எழுத வேண்டும். போன் படமும் எடுக்கலாம், ஆனால் நோட்டு கட்டாயம். சார்ஜ் தீர்ந்தாலும் நோட்டு இருக்கும்.

அளவோடு நிறத்தையும் எழுதுங்கள். கண்மாய்த் தண்ணீர் நிறம், தேநீர் நிறம், செங்கல் கரைத்த நிறம். வழக்கமான மழையில் தண்ணீர் கலங்கும், சில மணி நேரத்தில் தெளியத் தொடங்கும். திடீரென்று சேறு கெட்டியாகி, பச்சை இலையோடு வேரோடு மரங்கள் மிதந்து வந்தால், மேலே எங்கோ மலை இறங்கியிருக்கிறது. பச்சை மண் வாசனை மூக்கில் அடிக்கும் என்று மலைக்காரர்கள் சொல்வார்கள். அதையும் எழுதுங்கள்.

நோட்டில் தேட வேண்டிய வரி ஒன்றுதான்: மழை தொடர்கிறது, அளவு இறங்குகிறது. அணையில் தண்ணீர் திறப்பைக் குறைத்திருந்தாலும் இது நடக்கும். ஆகவே முதல் போன் அணைப் பக்கத்துக்கு: 'தண்ணி குறைச்சிருக்கீங்களா?' இல்லை என்று பதில் வந்தால், அடுத்த போன் மலைக்கு.

படி 3: மழையை நீங்களே அளந்து பாருங்கள்

பக்கம் நேராக இருக்கும் ஒரு டப்பா போதும். அடியும் வாயும் ஒரே அகலம். மொட்டை மாடியில், மரமோ சுவரோ மறைக்காத இடத்தில் வைத்து, சாயாமல் செங்கல் அண்டக் கொடுங்கள். தினமும் காலை 8.30-க்கு ஸ்கேல் விட்டு மில்லிமீட்டரில் அளந்து எழுதிவிட்டுக் கவிழ்த்துவிடுங்கள். வானிலைத் துறையின் நாள் கணக்கும் 8.30-க்குத்தான் தொடங்குகிறது, அதனால் ஒப்பிடலாம். ஒரு நாளில் 64.5 மி.மீ. தாண்டினால் கனமழை, 115.6 முதல் மிகக் கனமழை, 204.4-ஐத் தாண்டினால் அதிகனமழை.

ஊரில் அளப்பது பழக்கத்துக்கு. உண்மையில் வேண்டியது மலைமேல் அளவு. வடுகபட்டியில் தூறல் போடும்போது மேலே கொட்டும். அகமலையில் ஒரு வீட்டில், வெள்ளகவியில் ஒரு வீட்டில் இப்படி ஒரு டப்பா இருந்தால், மாவட்டத் தலைநகரில் பதிவாகும் எண்ணைவிட அது உங்களுக்கு நூறு மடங்கு பயன்படும்.

கேரளத்தில் வயநாட்டில் இதைச் செய்கிறார்கள். அங்குள்ள ஹியூம் மையம், விவசாயிகளும் தோட்டக்காரர்களும் தினமும் படித்துச் சொல்லும் மழைமானிகளின் வலையை வைத்திருக்கிறது. 2024 ஜூலை 30 அதிகாலையில் முண்டக்கை, சூரல்மலையை மண் மூடியதே, அதற்கு முந்தைய நாளே அந்த மழை அளவுகளை வைத்து அவர்கள் எச்சரிக்கை கொடுத்தார்கள்.

படி 4: மலையில் ஒரு குரல்

எனக்கு இந்த வழிகாட்டியிலேயே மிக முக்கியமானது இந்தப் படி. கருவி எதுவும் வாங்க வேண்டாம், உறவு வேண்டும்.

அந்த உறவு வடுகபட்டிக்கு ஏற்கெனவே இருக்கிறது. ஊரின் பூண்டுச் சந்தைக்குக் கொடைக்கானல் மலைப்பூண்டு மூட்டை மூட்டையாக இறங்குகிறது. கமிஷன் மண்டிக்காரர் ஒவ்வொருவர் போனிலும் மலை விவசாயிகளின் எண் இருக்கிறது. 'அங்க மழை எப்படிண்ணே, லோடு இறங்குமா' என்று கேட்பது அவர்கள் அன்றாட வியாபாரம். அதே போனில் இன்னொரு கேள்வியைச் சேர்க்க வேண்டும்: 'ஓடையில் தண்ணி வழக்கம்போல ஓடுதாண்ணே?'

ஆனால் ஒன்று கவனிக்க வேண்டும். மலையின் எல்லாப் பக்க மழையும் நம் ஆற்றுக்கு வராது. படி 1-ல் வரைந்த தாளைக் கையில் வைத்துக்கொண்டு, நம் ஓடைகளின் தலைமாட்டில் இருப்பவர் யார் என்று தேட வேண்டும். காப்பி, மிளகு, எலுமிச்சை கொண்டுவருபவர், வாழைக்காய் லாரி ஓட்டுபவர், தோட்டத்துக் காவலுக்குப் போகிறவர் என்று மண்டியிலேயே விசாரித்தால் ஆள் கிடைப்பார்.

ஓடைக்கு இரண்டு பேர் வேண்டும், ஒருவருக்கு உடம்பு சரியில்லாவிட்டால் இன்னொருவர். அவர்களிடம் கேட்க வேண்டியவை மூன்று. ஓடைச் சத்தம் திடீரென்று நின்றதா? மலை இடிந்த சத்தம், லாரி கல் கொட்டுவது போன்ற சத்தம் கேட்டதா? ஓடைக்கரையில் வழக்கமாகத் தண்ணீர் இல்லாத இடத்தில் தண்ணீர் நிற்கிறதா? அவர்கள் தங்கள் வீட்டு வாசலிலிருந்து சொன்னால் போதும். யாரையும் சரிவைப் பார்த்துவர அனுப்பாதீர்கள். மேலே பெரும்பகுதி வனவிலங்குச் சரணாலயம், அனுமதியில்லாமல் உள்ளே போகவும் கூடாது, மழையில் போவது உயிருக்கும் ஆகாது.

பதிலுக்கு நாம் என்ன தருகிறோம் என்றும் யோசிக்க வேண்டும். ஆபத்து வரும்போது மட்டும் போன் செய்தால் அது உறவில்லை. சாலையில் மண் விழுந்து அவர்கள் மாட்டிக்கொண்டால், அரசுக்குத் தகவல் சொல்ல, அரிசி, மருந்து ஏற்பாடு செய்ய, இங்கே நாம் இருக்கிறோம் என்பது தெரிய வேண்டும்.

அடைமழையில் கரண்ட் போகும், டவரும் போகும். காவல் துறை, வனத்துறை வயர்லெஸ் எங்கே இருக்கிறது, அந்த நிலையத்தின் நேரடி எண் என்ன என்று முன்பே கேட்டு எழுதிவையுங்கள். மாவட்டப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறை எண் 1077, மாநில அறை 1070. தமிழக அரசின் டி.என்.அலர்ட் செயலியில் மழை எச்சரிக்கையும் அணை மட்டமும் பார்க்கலாம். இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனத்தின் பூஸ்கலன் செயலியில் மண்சரிவு பற்றிய தகவலைப் பதிவு செய்யலாம்.

படி 5: அடைப்பு உறுதியானால் என்ன அளப்பது

முதல் வேலை 1077. வருவாய்த் துறை, நீர்வளத்துறை, வனத்துறை, புவியியல் ஆய்வாளர்கள் வரும் வரைக்கும் நீங்கள் சேகரிக்கும் எண்கள் அவர்களுக்குப் பொன் போன்றவை. அளக்கவென்று இங்கிருந்து யாரும் மலையேற வேண்டாம், மேலே இருப்பவர்கள் பாதுகாப்பான உயரத்திலிருந்து, எதிர் மலையிலிருந்து எடுத்த படங்களே போதும்.

ஏரியில் எவ்வளவு தண்ணீர்? மலை ஓடை கீழே குறுகி மேலே விரியும் பள்ளம். அடைப்பு அருகே நீரின் அகலம், அங்கே ஆழம், பின்னால் ஏரி எவ்வளவு தூரம் போகிறது என்ற நீளம், மூன்றையும் அடியில் பெருக்கி 6-ஆல் வகுத்தால் தோராயமான கன அடி கிடைக்கும். ஆழம் தெரியாவிட்டால் முங்கிய மரங்களைப் பாருங்கள், முப்பதடி மரத்தின் உச்சி மட்டும் தெரிந்தால் அங்கே ஆழம் ஏறக்குறைய அவ்வளவு.

ஒரு கற்பனைக் கணக்கு: அகலம் 150 அடி, நிரம்பும்போது ஆழம் 40 அடி, நீளம் 900 அடி. பெருக்கினால் 54 லட்சம், 6-ஆல் வகுத்தால் 9 லட்சம் கன அடி.

எவ்வளவு வேகமாக வருகிறது? ஏரிக்கு மேலே ஓடையின் ஒரு நேரான துண்டில், கரையிலேயே நின்று 50 அடி அளந்துகொண்டு, ஓர் எலுமிச்சம்பழத்தை எறிந்து எத்தனை நொடியில் கடக்கிறது என்று பாருங்கள். இலை, குச்சி வேண்டாம், காற்று தள்ளிவிடும். எலுமிச்சை பாதி முங்கி மிதப்பதால் தண்ணீரின் வேகத்தைச் சரியாகக் காட்டும். மேல்மட்டத் தண்ணீர் அடித்தண்ணீரைவிட வேகமாகப் போகும், அதனால் கிடைத்த வேகத்தை 0.85-ஆல் பெருக்கி, ஓடையின் அகலத்தாலும் சராசரி ஆழத்தாலும் பெருக்குங்கள். வருவது நொடிக்கு இத்தனை கன அடி. இதை மழையில்லாத நாட்களில் உங்கள் ஊர் ஓடையில் பழகிக்கொள்ளுங்கள், மழைவெள்ளத்தில் ஓடையில் இறங்கவே கூடாது.

நொடிக்கு 20 கன அடி வந்தால், 9 லட்சத்தை 20-ஆல் வகுக்க 45,000 நொடி. பன்னிரண்டரை மணி நேரத்தில் நிரம்பிவிடும். அதே தண்ணீர் அரை மணி நேரத்தில் இறங்கினால் சராசரி நொடிக்கு 500 கன அடி, வந்ததைப்போல் 25 மடங்கு. உச்சம் இந்தச் சராசரியைவிடக் கூடுதலாகவே இருக்கும். தண்ணீர் மட்டும் வராது, மண்ணும் பாறையும் மரமும் சேர்ந்து வரும்.

இங்கே புதிதாகக் கற்பவர்கள் ஏமாறும் ஓர் இடம் இருக்கிறது. பள்ளம் மேலே போகப்போக விரிவதால், ஏரி நிரம்ப நிரம்ப மட்டம் ஏறும் வேகம் குறையும். முதல் மணியில் நாலடி ஏறியது, பத்தாம் மணியில் ஓரடி கூட ஏறாது. 'ஏரி நின்னுருச்சு' என்று மனம் சொல்லும். வரத்துக் குறையவில்லை, பாத்திரம் அகலமாகியிருக்கிறது, அவ்வளவுதான். ஆகவே ஏற்றத்தை மட்டும் பார்க்காமல், கரையின் மிகத் தாழ்ந்த இடத்துக்கு இன்னும் எத்தனை அடி என்று எழுதுங்கள். கரையின் சராசரி உயரத்தால் பயனில்லை, தண்ணீர் தாழ்ந்த வாயைத்தான் தேடும்.

ஒரே பாறையில் நின்று, ஒரே மரத்தைச் சட்டத்தில் வைத்து, மணிக்கு ஒரு படம். பத்துப் படங்களை வரிசையாகப் பார்த்தால் கணக்குத் தெரியாதவருக்கும் ஏரி ஏறுவது தெரியும்.

படி 6: உடையப்போகிறதா?

கண்மாய்க் கரையைக் காத்த நீர்க்கட்டி எதைப் பார்ப்பாரோ அதையே பாருங்கள். கரையின் வெளிச்சரிவில் ஊற்று. தெளிந்த ஊற்று சில நேரம் நல்லதுகூட, ஏரி கொஞ்சம் கொஞ்சமாக வடிகிறது என்று பொருள். ஊற்று கலங்கினால், உள்ளே மண் அறுபடுகிறது. கரையின் மேல் விரிசல், உட்காரும் பள்ளம், வெளிச்சரிவிலிருந்து உருளும் கல் எல்லாம் கெட்ட அறிகுறி. வழிவு தொடங்கிவிட்டால் இனி அறிகுறி தேட வேண்டியதில்லை, ஊரைக் காலி செய்யும் நேரம் அது.

மண்வெட்டி எடுத்துக்கொண்டு கரையை வெட்டி வடிக்கலாம் என்று யாராவது கிளம்பினால் தடுத்துவிடுங்கள். சீனாவில் 2008 பூகம்பத்தில் உண்டான தாங்ஜியாஷான் ஏரியில் கால்வாய் வெட்டி வடித்தார்கள்தான். ராணுவமும் பெரும் இயந்திரங்களும் இருந்தன, அதற்கு முன்னால் கீழேயிருந்த 2 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை அப்புறப்படுத்தியிருந்தார்கள். தவறாக வெட்டிய வாயே உடைப்பாக மாறும்.

காத்திருப்பது அலுப்பான வேலை என்பதையும் சொல்ல வேண்டும். லடாக்கின் சன்ஸ்கர் பகுதியில் புக்தல் அருகே 2014 டிசம்பர் 31-ல் விழுந்த அடைப்பு, 2015 மே 7-ல்தான் உடைந்தது. பாலங்கள் போயின, உயிர் போகவில்லை. நான்கு மாதம் கழித்து வந்த வெள்ளத்தில் ஒருவர்கூடச் சாகவில்லை என்றால், அந்த நான்கு மாதமும் யாரோ கண் மூடாமல் இருந்திருக்கிறார்கள்.

செயற்கைக்கோள் பற்றி ஒரு வார்த்தை

2004-ல் திபெத்தில் பரீச்சு ஆற்றில் அடைப்பு ஏரி உண்டானபோது நம்மால் அங்கே போக முடியவில்லை. ஹைதராபாத்திலிருந்து தொலையுணர்வு விஞ்ஞானிகள் படம் பார்த்தே கண்காணித்தார்கள். 2005 ஜூன் 26-ல் அது உடைந்து சட்லெஜ் பெருகியபோது இமாச்சலில் கரையோர மக்கள் நகர்ந்திருந்தார்கள். அது கிலோமீட்டர் கணக்கில் நீண்ட ஏரி. இலவசமாகக் கிடைக்கும் செண்டினல் படங்களில் ஒரு புள்ளி 10 மீட்டர், 33 அடி. நம் ஓடையில் 150 அடி அகல ஏரி அதில் நாலைந்து புள்ளி. அடுத்த படம் வரச் சில நாள் ஆகும், ஐப்பசியில் மேகமும் மறைக்கும். பழகிக்கொள்ளுங்கள், ஆனால் வெள்ளகவியிலிருந்து வரும் ஒரு போனை நம்புங்கள்.

படி 7: கோடு போடுங்கள்

கோனாவின் தூண்கள் நினைவிருக்கிறதா? நம் ஊருக்கும் வேண்டும். ஊரில் வயதானவர்களைக் கூப்பிட்டு, அவர்கள் கண்ட பெரிய வெள்ளம் எந்தச் சுவரைத் தொட்டது என்று கேளுங்கள். இரண்டு மூன்று பேர் தனித்தனியாக ஒரே இடத்தைக் காட்டினால் நம்பலாம். அதற்கு மேலே, குறைந்தது ஓர் ஆள் உயரம் கூட்டி, ரசமட்டக் குழாய் பிடித்துத் தெருவுக்குத் தெரு சிவப்புக் கோடு போடுங்கள். ஒவ்வொரு கோட்டிலிருந்தும் மேட்டுக்கு எந்தச் சந்து வழி என்று அம்பு வரையுங்கள். ஆற்றை ஒட்டியோ, ஆற்றைக் கடந்தோ போகும் வழி வழியே அல்ல.

நடக்க முடியாதவர், கண் தெரியாதவர், பிள்ளைத்தாய்ச்சி யார் யார் என்று பட்டியல் எழுதி, ஒவ்வொருவர் பெயருக்கு நேரே அவரைக் கூட்டிவரப்போகும் பக்கத்து வீட்டுக்காரர் பெயரை எழுதுங்கள். ஆடு மாட்டுக் கயிற்றை அவிழ்த்துவிட ஒருவர். கோயில், பள்ளிவாசல், தேவாலய ஒலிபெருக்கிகளுக்கு ஒரு பேட்டரி. ஆம்பிளிஃபையர் எங்கே பூட்டியிருக்கிறது, சாவி யாரிடம் என்பதையும் எழுதுங்கள். ராத்திரி இரண்டு மணிக்கு சாவி தேடி ஓடிய ஒரு தெருவை நான் பார்த்திருக்கிறேன்.

இதே ஆற்றில் பெரியகுளம் நமக்கு மேலே, மேல்மங்கலம், ஜெயமங்கலம், குள்ளப்புரம் நமக்குக் கீழே. மேலேயிருந்து நமக்கு வந்த செய்தியை அப்படியே கீழே தள்ளும் கடமை நமக்கு. அந்த ஊர்களிலிருந்து ஊருக்கு இரண்டு எண்கள் நோட்டின் முதல் பக்கத்தில் இருக்கட்டும். புரட்டாசி முதல் வாரத்தில் ஒருமுறை எல்லா எண்களுக்கும் அடித்துப் பாருங்கள். எப்படியும் இரண்டு எண் மாறியிருக்கும்.

உடைந்த பிறகு

வெள்ளம் வந்து போனதும் ஆற்றில் இறங்காதீர்கள். அடைப்பில் பாதி இன்னும் மேலே கிடக்கலாம், இன்னொரு சரிவு அதன்மேல் விழலாம். கோனாவில் 1894 உடைப்புக்குப் பிறகும் ஒரு சிறிய ஏரி மிஞ்சி நின்றது. 1970 அலக்நந்தா வெள்ளத்தில்தான் அதன் கதை முடிந்தது. ஆகவே மலைக்காரர் 'ஓடை பழையபடி ஓடுது' என்று சொல்லி, அதிகாரிகளும் ஒப்புக்கொண்ட பிறகே நோட்டில் அந்தப் பக்கத்தை மூடுங்கள்.

மூடுவதற்கு முன் ஒரு வேலை. வீட்டுச் சுவர்களைக் கழுவித் துடைப்பதற்குள், சேறு நின்ற கோட்டுக்கு மேலே தேதியும் மணியும் எழுதுங்கள், பாலத் தூணிலும் எழுதுங்கள். பிறகு அதே வெள்ளைப் பெயிண்டும் கம்பி பிரஷ்ஷும் எடுத்துக்கொண்டு போய், அழிந்த எண்களைத் திரும்ப அடியுங்கள். மார்கழி மழை இன்னும் இருக்கிறது.